'ஸ்லவ் ஆஃப் டிஸ்பாண்ட்' என்று மனுவில் எழுதலாமா?

கோத்தகிரி ஜெராக்ஸ் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரியில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். ஆதார் பிரிண்ட், பட்டா மாறுதல், சாதிச் சான்று, அப்புறம் மனு. மனுதான் அதிகம். தமிழ் மனு என்றால் விஷயத்தைக் கேட்டு நானே எழுதிக் கொடுத்துவிடுவேன். இங்கிலீஷ் என்றால் அவர்கள் எழுதிக்கொண்டு வருவதை அடித்துக் கொடுப்பேன், ஸ்பெல்லிங் மட்டும் பார்ப்பேன்.

பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் மனு கொண்டுவந்தார். எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். ஃபூல்ஸ்கேப் தாள், இடது பக்கம் ஓரம் மடித்து, நீல மை. ஓர் இடத்தில்கூட அடித்தல் திருத்தல் கிடையாது. பச்சைத் தேயிலை விலை பற்றிய மனு. சொந்தமாக ஒரு ஏக்கர் வைத்திருக்கிறார். இலை விற்கிற காசு பறிக்கிற கூலிக்கும் உரத்துக்குமே போய்விடுகிறது என்பதுதான் விஷயம். இங்கே பாதி ஊருக்கு அதே கதைதான்.

மூன்றாவது பத்தியில் ஒரு வரி: 'வீ, தி ஸ்மால் குரோயர்ஸ், ஆர் இன் தி ஸ்லவ் ஆஃப் டிஸ்பாண்ட் சின்ஸ் த்ரீ இயர்ஸ்.'

டி, ஈ, எஸ், பி, ஓ, என், டி. கம்ப்யூட்டரில் சிவப்புக் கோடு விழவில்லை. டிஸ்பாண்டன்ட் என்ற வார்த்தை எனக்குத் தெரியும். இந்த மொட்டை டிஸ்பாண்ட்டை எங்கேயும் பார்த்த ஞாபகம் இல்லை. "கடைசியில் 'என்ட்' விட்டுப்போச்சுங்களா ஐயா?" என்று கேட்டேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தார். "நீ அடி தம்பி" என்றார். மேற்கொண்டு பேச்சில்லை.

அடித்துவிட்டேன், ஆனால் இன்னும் பிரிண்ட் எடுக்கவில்லை. அப்படி ஒரு சொல் இருக்கிறதா? இருந்தால் மனுவில் வரலாமா? அவர் போகப்போவது கலெக்டர் ஆபீஸுக்கு. அங்கே யாராவது சிரித்துவிட்டால் பெரியவர் தாங்கமாட்டார்.

அருவங்காடு பையன்:

டிஸ்பாண்டன்ட்தான் சரி, மாற்றி அடித்துவிடுங்கள். இல்லையென்றால் 'வெரி சேட்' என்று போட்டு விஷயத்தை முடியுங்கள். இதையெல்லாம் யார் உட்கார்ந்து படிக்கப்போகிறார்கள்?

குன்னூர் டீச்சர்:

ஜெராக்ஸ் தம்பி, பிரிண்ட்டை நிறுத்தி வைத்தது நல்லது. ஆனால் பெரியவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அருவங்காட்டுப் பிள்ளை சொல்வதுபோல மாற்றினால்தான் தப்பு வரும். 'ஸ்லவ் ஆஃப்' என்றால் அடுத்து ஒரு பெயர்ச்சொல் வந்தாக வேண்டும். டிஸ்பாண்டன்ட் பெயரடை, அங்கே உட்காராது.

இந்தத் தொடரைக் கொடுத்தவர் ஜான் பன்யன். 1678-ல் வந்த 'பில்கிரிம்ஸ் ப்ராக்ரஸ்' கதையில் முதுகில் மூட்டையோடு ஊரைவிட்டுக் கிளம்புகிற கிறிஸ்டியன், வழியில் ஓர் உளையில் விழுகிறான். அந்த உளையின் பெயர்தான் ஸ்லவ் ஆஃப் டிஸ்பாண்ட், மனச்சோர்வு என்கிற சதுப்பு. கூட வந்தவன் பெயர் ப்ளையபிள், இழுத்த பக்கம் வளைகிறவன். அவனும் சேர்ந்துதான் விழுகிறான். ஆனால் தன் வீடு இருக்கும் பக்கமாகப் பார்த்துக் கரையேறி, வந்த வழியே நடையைக் கட்டிவிடுகிறான். மூட்டைக்காரன் மட்டும் உள்ளே கிடக்கிறான், ஹெல்ப் என்று ஒருவர் வந்து கைகொடுத்துத் தூக்கும்வரை.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வருவது. நாலு பேர் நடக்கிற வழியில் இப்படி ஓர் இடத்தை ஏன் சரிசெய்யாமல் விட்டிருக்கிறார்கள் என்ற கேள்வி வருகிறது. ராஜாவின் ஆட்கள் ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு மேலாக அங்கேதான் வேலை பார்க்கிறார்களாம். இருபதாயிரம் வண்டிக்குக் குறையாமல் நல்ல உபதேசத்தைக் கொண்டுவந்து கொட்டியும் ஆயிற்றாம். எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு உளை உளையாகவே கிடக்கிறது. மனு எழுதுகிற மனிதர் இந்த இடத்தைத் தெரிந்து எழுதினாரா, தெரியாமல் எழுதினாரா என்று எனக்கு அறிய ஆசை. கேட்டுச் சொல்லுங்கள்.

ஸ்லவ் என்றால் ரோட்டுச் சேறு என்று நினைத்துவிடாதீர்கள். அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் இரண்டு புல்மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் பார்த்திருப்பீர்கள். மேலே பசேலென்று புல், தரை மாதிரியே இருக்கும். காலை வைத்ததும் முழங்கால்வரை இறங்கும். காலை இழுத்தால் கால் வரும், செருப்பு வராது. கறுப்புத் தண்ணீர் மெதுவாக வந்து அந்தக் குழியை மூடிக்கொள்ளும். பன்யன் சொல்வது இந்த மாதிரி இடத்தை.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன், பெரியவர் வாயால் படித்துக் காட்டினாலும் காட்டுவார். இந்தத் தொடரில் 'ஸ்லவ்', பசுவுக்குச் சொல்கிற 'கவ்' மாதிரி. லண்டனுக்கு மேற்கே இதே பெயரில் ஊர் இருக்கிறது, அதற்கும் இதே உச்சரிப்புதான். பாம்பு சட்டை உரிப்பதற்கும் இதே எழுத்துகள்தான், ஆனால் அங்கே 'ஸ்லஃப்'. அமெரிக்காவில் சதுப்புக்கு 'ஸ்லூ' என்பார்கள். இங்கிலீஷுக்கு எழுத்தும் ஓசையும் ஒத்துப்போகவேண்டும் என்ற கவலை என்றைக்குமே இருந்ததில்லை.

இனி டிஸ்பாண்ட். நாம் 'அல்லும் பகலும்' என்கிறோம். அல் என்றால் இரவு. அதற்காக 'அல் வந்தாச்சு, லைட்டைப் போடு' என்று யாரும் சொல்வதில்லை. பகலோடு சேர்ந்தால்தான் அதற்கு உயிர். 'ஈவிரக்கம்' என்பதில் இருக்கிற ஈவும் பேச்சில் அப்படித்தான். டிஸ்பாண்ட் என்ற பெயர்ச்சொல் இன்றைக்குப் பிழைத்திருப்பது கிட்டத்தட்ட இந்த உளைக்குள்ளேதான். 'ஐ ஆம் இன் டிஸ்பாண்ட்' என்று தனியாக எழுதினால் நெருடும். தனியாக வேண்டுமென்றால் டிஸ்பாண்டன்சி இருக்கிறது. வினையாகவும் ஒரு டிஸ்பாண்ட் உண்டு. பழைய கடிதங்களில் 'டூ நாட் டிஸ்பாண்ட்', மனத்தை விட்டுவிடாதே என்று வரும். இப்போது எழுதினால் தாத்தா காலத்துக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்த மாதிரி இருக்கும்.

டிஸ்பாண்டன்சி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. வேர்ட்ஸ்வொர்த் 1814-ல் வெளியிட்ட 'தி எக்ஸ்கர்ஷன்' நெடுங்கவிதையில் மூன்றாம் பாகத்துக்கு 'டிஸ்பாண்டன்சி' என்று தலைப்பு. நான்காம் பாகத்தின் தலைப்பு 'டிஸ்பாண்டன்சி கரெக்டட்'. சிவப்பு மையோடு காலம் தள்ளியவள் என்பதால் எனக்கு அந்தத் தலைப்பின் மேல் தனிப் பிரியம்.

பெரியவர் வரியில் திருத்தவேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. 'ஆர்... சின்ஸ் த்ரீ இயர்ஸ்' கூடாது. 'ஹேவ் பீன்... ஃபார் த்ரீ இயர்ஸ்'. இதை நம் நாட்டில் எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறோம், அதனால் பக்குவமாகச் சொல்லுங்கள்.

மனுவில் வரலாமா என்றால், நான் போடமாட்டேன். இங்கிலீஷ் பத்திரிகைகளில் இந்தத் தொடர் இப்போது அதிகம் நடமாடுவது விளையாட்டுப் பக்கத்திலும் வியாபாரப் பக்கத்திலும். வரிசையாகத் தோற்கிற கிரிக்கெட் டீம், எழுந்திருக்காத பங்குச் சந்தை, இவற்றுக்கு லேசான கேலியோடு போடுவார்கள். பெரியவர் நெஞ்சிலிருந்து எழுதியதைப் படிக்கிறவர் வேடிக்கையாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஆசிரியருக்குக் கடிதம் என்றால் பிரமாதம், அப்படியே அனுப்பலாம்.

கோத்தகிரி ஜெராக்ஸ்:

டீச்சர், ரொம்ப நன்றி. அப்படியானால் மனுவில் 'டிஸ்பாண்டன்ட்' போடலாமா? 'டிஜெக்டட்' பொருந்துமா? போனில் தேடினால் 'க்ரெஸ்ட்ஃபாலன்', 'டிஸ்கான்சலேட்' என்று வரிசையாகக் கொட்டுகிறது. எல்லாவற்றுக்கும் அர்த்தம் 'மனச்சோர்வுற்ற' என்றே போட்டிருக்கிறது. எதை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

குன்னூர் டீச்சர்:

அந்த அகராதிக்காரர்களுக்கு இடம் மிச்சம், நமக்குத்தான் கஷ்டம்.

க்ரெஸ்ட்ஃபாலன் என்றால் கொண்டை சரிந்தவன். சேவல் கொண்டை என்பார்கள், குதிரையின் பிடரி என்பாரும் உண்டு. நிமிர்ந்து வந்த ஆள் ஒரு நொடியில் தொங்கிப்போவது. செலக்‌ஷன் லிஸ்டில் தன் பெயர் இருக்கும் என்று நம்பிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனவன், திரும்பி வரும்போது இருக்கும் முகம். முன்னால் கொஞ்சம் மிடுக்கு இருந்தால்தான் இந்தச் சொல்லுக்கு வேலை. அதோடு, அது அந்த நேரத்துச் சங்கதி. மூன்று வருஷமாக யாரும் க்ரெஸ்ட்ஃபாலனாக இருக்க முடியாது.

டிஜெக்டட், லத்தீனில் 'கீழே எறியப்பட்ட'. நடந்து முடிந்த ஒன்று ஆளை வீழ்த்தியிருக்கிறது, அது உடம்பில் தெரிகிறது. அதனால்தான் 'டிஜெக்டட் லுக்' என்று அடிக்கடி வரும். டிஸ்கான்சலேட், யார் வந்து தேற்றினாலும் தேறாதவர். இழவு வீட்டுக்குப் பொருந்தும், இலை விலைக்குக் கொஞ்சம் அதிகம்.

டிஸ்பாண்டன்ட் இவற்றிலிருந்து தள்ளி நிற்கிறது. அது முன்னால் பார்க்கிற சொல். இனி இது சரியாகப்போவதில்லை என்று மனம் விட்டுப்போன நிலை. 'டிஸ்பாண்டன்ட் அபவுட் தி ஃப்யூச்சர்' இயல்பாக வரும். 'அபவுட்' வரலாம், 'ஓவர்' வரலாம். அர்த்தத்தை மட்டும் பார்த்தால் பெரியவருக்கு இதுதான் பொருத்தம்.

ஆனாலும் வேண்டாம் என்பேன். நம் பேப்பரில் 'வாழ்க்கையில் விரக்தியடைந்து' என்று ஒரு செய்தி தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியும். பழைய அமெரிக்கப் பத்திரிகைகளில் டிஸ்பாண்டன்ட் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. அந்த வாடை இன்னும் முழுசாகப் போகவில்லை. அதிகாரப்பூர்வமான தாளில், கையெழுத்துக்கு மேலே, அந்தச் சொல் எதற்கு?

மனுவில் மனநிலையைச் சொல்ல ஒரு சொல் தேடுவதையே விடுங்கள் தம்பி. இலை கிலோ என்ன விலைக்குப் போனது, பறிக்க நாள் கூலி எவ்வளவு, ஒரு ஆள் ஒரு நாளில் எத்தனை கிலோ பறிக்கிறார், உர மூட்டை அன்றைக்கு என்ன விலை, இன்றைக்கு என்ன விலை. மூன்று வருஷத்துக்கு மூன்று வரி. இலை போட்ட ரசீது இருந்தால் நகல் வைக்கச் சொல்லுங்கள். அதைப் படிக்கிறவருக்கு எந்தச் சொல் தோன்றவேண்டுமோ அது தானாகத் தோன்றும்.

செண்பகனூர் பழைய மாணவன்:

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். நான் பாளையங்கோட்டைப் பக்கம், இப்போது இருப்பது கொடைக்கானலில். செண்பகனூர் சேசு சபைக் கல்லூரியில் கொஞ்ச காலம் இருந்தேன். குருப்பட்டம் வரை போகவில்லை, லத்தீன் மட்டும் ஒட்டிக்கொண்டது.

டிஸ்பாண்ட் வந்தது 'டெஸ்பாண்டேரே' என்ற வினையிலிருந்து. 'ஸ்பாண்டேரே' என்றால் வாக்குக் கொடுப்பது. 'டெ' முன்னால் சேர்ந்தால் வாக்குக் கொடுத்துக் கையைவிட்டு விடுவது. ரோமில் ஒரு அப்பா தன் பெண்ணை இன்னாருக்கு என்று பேசி முடிப்பதற்கு இதே வினைதான். நம் நிச்சயதார்த்தம். ஸ்பௌஸ், ஸ்பான்சர், ரெஸ்பாண்ட் எல்லாம் இந்தக் குடும்பத்துப் பங்காளிகள். 'அனிமும் டெஸ்பாண்டேரே' என்றால் மனத்தையே அப்படிக் கொடுத்துவிடுவது, அதாவது தைரியத்தை விட்டுவிடுவது. பெண்ணைக் கட்டிக்கொடுத்த அப்பாவின் சோகம் என்று கதை கட்டவேண்டாம். பேசி முடித்தால் உரிமை நம் கையில் இல்லை, அவ்வளவுதான் அதில் இருக்கிறது. எனக்கென்னவோ டீச்சர் சொன்ன 'முன்னால் பார்க்கிற சொல்' என்பதற்கு இது நன்றாகவே ஒத்துப்போகிறது. நாளைக்கு என்று வைத்திருந்ததை இன்றைக்கே விட்டுக்கொடுத்தாயிற்று.

இன்னொன்று. பெரியவருக்குப் பன்யன் எப்படிக் கிடைத்தார் என்று யாரும் ஆச்சரியப்பட வேண்டாம். எங்கள் ஊர் எச்.ஏ. கிருஷ்ணப் பிள்ளை அந்தக் கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்று ஒரு காப்பியமே பாடியிருக்கிறார், 1894-ல் வெளிவந்தது. கிறிஸ்தவக் கம்பர் என்று அவரைச் சொல்வார்கள். மிஷன் பள்ளிக்கூடம் இருந்த ஊர்களில் மூட்டைக்காரன் கதை தெரியாத வீடு அந்தக் காலத்தில் குறைவு. எங்கள் பாட்டிக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது, மூட்டை அவிழ்ந்து விழுகிற இடத்தைச் சொல்லும்போது மட்டும் குரல் மாறிவிடும்.

அருவங்காடு பையன்:

ஒரு 'என்ட்'டுக்கு இவ்வளவா! சரி, எனக்கு ஒரு சந்தேகம். ஆபீஸில் லீவ் லெட்டரில் 'ஐ ஆம் டவுன்' என்று எழுதினால் போதாதா?

குன்னூர் டீச்சர்:

எந்த மாடியிலிருந்து என்று கேட்பார்கள். 'அன்வெல்' என்று எழுது.

கோத்தகிரி ஜெராக்ஸ்:

பெரியவர் வந்துவிட்டுப் போனார். டீச்சர் எழுதியதையும் செண்பகனூர் சார் எழுதியதையும் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். இருபதாயிரம் வண்டி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "அது தெரிஞ்சுதான் எழுதினேன். இது எத்தனாவது மனுன்னு நினைக்கிறே?" என்றார். பள்ளிக்கூடத்தில் அந்தக் கதை அவருக்குப் பாடமாம். ப்ளையபிளாக நடித்திருக்கிறார். கிறிஸ்டியன் வேஷம் ஹெட்மாஸ்டர் பையனுக்குப் போய்விட்டது என்பதில் இன்னும் வருத்தம் இருக்கிறது.

'சின்ஸ்' விஷயத்தைப் பக்குவமாகத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "எஸ்டேட்டில் துரையே அப்படித்தான் எழுதுவார்" என்றார். அப்புறம் அவரே பேனாவை எடுத்துத் திருத்தினார்.

கணக்கு விஷயத்துக்குப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். மூன்று வருஷத்து இலை ரசீது, மாதவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு. எல்லாம் வைத்துக்கொண்டுதான் அதை மனுவில் எழுதாமல் விட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "நம்பரைப் போட்டால் நம்பரைத்தான் பார்ப்பான். ஒரு மனுஷன் எழுதியிருக்கான்னு தெரியவேண்டாமா?" என்றார். அதற்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த வரியை எடுக்கமாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். என்ன செய்யட்டும் டீச்சர்?

குன்னூர் டீச்சர்:

வரி இருக்கட்டும். ஏழாவது, எட்டாவது மனு எழுதுகிறவரிடம் கேலி தொனிக்கும் என்று நான் சொன்னால், தொனித்தால் என்ன என்று அவர் கேட்பார். அவருக்கு அந்த உரிமை உண்டு.

ஆனால் இடத்தை மாற்றுங்கள். மூன்றாவது பத்தியில் இருந்தால் விலையைப் படிப்பதற்கு முன்னாலேயே புலம்பல் என்று தள்ளிவிடுவார்கள். முதலில் யார், எந்த ஊர், எவ்வளவு நிலம். அடுத்து கணக்கு, சின்ன அட்டவணையாக, ஒரே பக்கத்துக்குள். அதற்கு அடுத்து என்ன கேட்கிறார் என்பது. விலை கட்டுப்படியாகவேண்டும் என்று பொதுவாக வேண்டாம், இன்ன விலை வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். கடைசிப் பத்தியில், கையெழுத்துக்கு மேலே, அந்த வரி தனியாக வரட்டும். ஸ்லவ், டிஸ்பாண்ட் இரண்டுக்கும் முதல் எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள். பன்யன் அதை ஓர் இடத்தின் பெயராகத்தான் வைத்தார். இப்போது சின்ன எழுத்திலும் எழுதுகிறார்கள், ஆனால் பெரியவருக்குப் பெரிய எழுத்துதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' எங்கேயாவது இருந்தால் அதை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

கோத்தகிரி ஜெராக்ஸ்:

இரண்டு இடத்தில் இருந்தது டீச்சர். ஒன்றை எடுக்கச் சம்மதித்துவிட்டார். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு முதல் பஸ்ஸில் ஊட்டி போகிறாராம். ரசீதெல்லாம் ஜெராக்ஸ் எடுத்தாயிற்று, அட்டவணையும் ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது.

குன்னூர் டீச்சர்:

நகல் இரண்டு செட் எடுத்துக் கொடுங்கள். மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு தருவார்கள், வாங்காமல் கிளம்பவேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் இருக்கிற எண்ணை உங்கள் கடையிலும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த மனுவின் முதல் வரியில் அது வரவேண்டும்.